வக்கீல் ஃபீஸுக்கு ரசீதே கிடையாதா? பாகப்பிரிவினை கேஸ், இப்ப சொத்துல 10 சதவீதம் கேக்குறாரு

குளித்தலை_மகன்

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கங்க. எங்க அம்மா பேர்ல சப் கோர்ட்ல ஒரு பாகப்பிரிவினை கேஸ் ஓடிட்டு இருக்கு. தாத்தா உயில் எதுவும் எழுதாம போயிட்டாரு, மாமாங்க ரெண்டு பேரும் அவங்களுக்குள்ளயே கூர்ச்சீட்டு போட்டு நெலத்த பிரிச்சிக்கிட்டாங்க, அம்மா கேட்டப்ப உனக்குத்தான் நகை போட்டு கட்டிக் குடுத்தாச்சேன்னு முடிச்சிட்டாங்க. அதனாலதான் கோர்ட்டுக்கு போனோம். அம்மாவுக்கு பங்கு உண்டுன்னு பிரிலிமினரி டிக்ரியும் (யாருக்கு எவ்ளோ பங்குன்னு சொல்ற முதல்கட்டத் தீர்ப்பு) வந்திருச்சு, அதுல எங்களுக்கு ரொம்ப சந்தோஷம், கேஸ நல்லாத்தான் நடத்துனாரு வக்கீல், அத நான் மறுக்கல.

பிரச்சனை காசுலதான். ஆரம்பத்துல மொத்தமா 40,000 ரூபான்னு வாயால பேசுனது. அப்புறம் ஐஏ (கேஸுக்கு நடுவுல போடுற மனு) போடணும்னு ஒரு தொகை, எதிர்த்தரப்பு சாட்சிய குறுக்கு விசாரணை பண்ணணும்னு ஒரு தொகை, டைப்பிங், ஸ்டாம்ப், குமாஸ்தா செலவுன்னு தனியா தனியா, எதுக்குமே ஒரு துண்டுச்சீட்டு கூட கிடையாது. அம்மா ஒவ்வொரு தடவையும் வளையல வச்சுத்தான் குடுத்திருக்காங்க. எவ்ளோ போச்சுன்னு கேட்டா அம்மாவுக்கே கணக்கு தெரியல. இப்ப ஃபைனல் டிக்ரிக்கு, அதாவது நெலத்த பிரிச்சுக் குடுக்குற கடைசிக்கட்டத் தீர்ப்புக்கு போகணும்னா சொத்து மதிப்புல 10 சதவீதம் தர்றேன்னு ஒரு அக்ரிமெண்ட்ல கையெழுத்து போடுங்கங்குறாரு. முடியாதுன்னா வேற வக்கீல பாத்துக்கங்க, ஆனா பாக்கி செட்டில் பண்ணாம கேஸ் கட்டும் தரமாட்டேன், வேற வக்கீல் வர சம்மதிக்கிற நோ அப்ஜெக்‌ஷனும் தரமாட்டேன்னு சொல்லிட்டாரு.

ஒரு வக்கீல் இவ்ளோதான் வாங்கலாம்னு சட்டத்துல எங்கயாவது இருக்கா? கேஸ் கட்ட புடிச்சு வச்சுக்க அவருக்கு உரிமை இருக்கா? ஆட்டோவுக்கு மீட்டர் வைக்குற அரசாங்கம் இதுல ஏன் ஒண்ணுமே பண்ணல? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_சிரஸ்தார்

தம்பி, முதல்ல அந்த அக்ரிமெண்ட்ல அம்மாவ கையெழுத்து போட விடாதீங்க. மத்ததெல்லாம் அப்புறம். நான் கோர்ட் ஆபீஸ்ல வேல பாத்து ரிட்டயர் ஆனவன், இந்த மாதிரி எத்தனையோ குடும்பத்த பாத்திருக்கேன்.

கேஸ் ஜெயிச்சா இவ்ளோ பங்குன்னு பேசுறது வக்கீல்கள ஒழுங்குபடுத்துற இந்திய பார் கவுன்சில் விதிப்படியே தடை. முடிவ வச்சு ஃபீஸ் பேசக்கூடாது, கெடைக்கிறதுல பங்கு கேக்கக்கூடாதுன்னு தெளிவா இருக்கு. 2017 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் பி. சுனிதா கேஸ்ல இதயே திரும்ப சொன்னாங்க. அந்தம்மா வீட்டுக்காரர் விபத்துல இறந்துட்டாரு, நஷ்ட ஈடு கேஸு, வக்கீலுக்கு ஏற்கனவே 10 லட்சம் குடுத்த பிறகும் சதவீதக் கணக்குல இன்னொரு 18 லட்சத்துக்கு செக் எழுதி வாங்கி, அது பவுன்ஸ் ஆனதும் அந்தம்மா மேலயே செக் கேஸ் போட்டுட்டாரு. சுப்ரீம் கோர்ட் அந்த கேஸ ரத்து பண்ணிருச்சு, இப்படி சதவீதம் பேசுறது பொதுநலனுக்கு எதிரானதுன்னு சொல்லிட்டாங்க. அதே தீர்ப்புலதான் வக்கீல் ஃபீஸ முறைப்படுத்த ஒரு அமைப்பு வேணும், அரசாங்கம் யோசிக்கணும்னும் எழுதுனாங்க. அத யாரும் கையில எடுத்த மாதிரி தெரியல.

கட்டு விஷயம். 2000-ல ஆர்.டி. சக்சேனா கேஸ்னு ஒண்ணு, மத்தியப் பிரதேசத்துல ஒரு கூட்டுறவு பேங்குக்கு ஆஜரான வக்கீல் ஃபீஸ் பாக்கி 97,100 ரூபா குடுத்தாத்தான் ஃபைல தருவேன்னு நின்னாரு. ஃபீஸ் பாக்கிக்காக கட்சிக்காரர் ஃபைல புடிச்சு வைக்க வக்கீலுக்கு உரிமை கிடையாது, கேட்டா திருப்பித் தரணும், தரலன்னா அது தொழில்முறை தவறுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. பாக்கி இருந்தா அவரு தனியா வழக்கு போட்டு வசூல் பண்ணிக்கலாம், அதுக்கு சட்டம் இருக்கு. அம்மாவோட பேப்பர் அம்மாவோடது.

நோ அப்ஜெக்‌ஷன் தரலன்னா புது வக்கீல் அதச் சொல்லி கோர்ட் அனுமதி கேட்டு ஒரு மனு போடுவாரு, ஜட்ஜ் அனுமதிச்சா வக்காலத்து (உங்களுக்காக ஆஜராக நீங்க எழுதிக் குடுக்குற அதிகாரம்) மாறிரும். பயப்படாதீங்க. கட்டு வராட்டியும் டிக்ரி, ஜட்ஜ்மெண்ட், பிராது (கேஸ் போட்டப்ப குடுத்த மனு), சாட்சியம் எல்லாத்துக்கும் காப்பி அப்ளிகேஷன் போட்டு சான்றிட்ட நகல் எடுத்துடலாம். கேஸ் எந்த நிலையில இருக்குன்னு யாரயும் கேக்க வேணாம், இ-கோர்ட்ஸ் ஆப்ல சிஎன்ஆர் நம்பர (ஒவ்வொரு கேஸுக்கும் இருக்குற தனி எண்) போட்டா வாய்தா தேதி முதற்கொண்டு வரும்.

இன்னொண்ணு, ஃபைனல் டிக்ரிக்கு போகமாட்டேன்னு மிரட்டுறாருல்ல. பாகப்பிரிவினை கேஸ்ல பிரிலிமினரி டிக்ரி குடுத்ததோட கோர்ட் கைய கழுவக்கூடாது, தனி மனு வரட்டும்னு காத்திருக்காம அதே கேஸ ஃபைனல் டிக்ரிக்கு தானாவே நடத்தணும்னு 2022 ஜூன்ல கேரளாவுலேர்ந்து போன ஒரு கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. புது வக்கீல்கிட்ட இத ஞாபகப்படுத்துங்க.

நியாயம்_வேணும்

சிரஸ்தார் ஐயா சொன்னதெல்லாம் சரி, ஆனா விதி இருக்குறது வேற, அத வச்சு ஒரு சாதாரண ஆளு நியாயம் வாங்குறது வேற. எங்க குடும்பத்துல ஒரு அப்பீல காலக்கெடுவுக்குள்ள போடாம விட்டுட்டாரு ஒரு வக்கீல், வீடு போச்சு. எங்க போய் கேக்குறதுன்னு அலைஞ்சப்பதான் இந்த அமைப்பு எப்படி கட்டி வச்சிருக்காங்கன்னு எனக்கு புரிஞ்சுது.

டாக்டர் தப்பு பண்ணா நுகர்வோர் கோர்ட்டுக்கு போகலாம், 1995-லேர்ந்து போறோம். வக்கீலுக்கும் அது பொருந்தும்னு 2007-ல தேசிய நுகர்வோர் கமிஷன் சொல்லுச்சு. 2024 மே 14-ம் தேதி சுப்ரீம் கோர்ட் அத ரத்து பண்ணிருச்சு, வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள்ள வராதுன்னு. வக்கீல் கட்சிக்காரரோட கட்டுப்பாட்டுல வேல பாக்குறாரு, இது தனிப்பட்ட சேவை ஒப்பந்தம்னு காரணம் சொன்னாங்க. எங்க அம்மா மாதிரி, உங்க அம்மா மாதிரி ஆளுங்களா வக்கீல கட்டுப்படுத்துறாங்க? நீதிபதி எழுதுனத மதிக்கிறேன், ஆனா ஒரு தாலுகா கோர்ட் வாசல்ல நாலு மணி நேரம் நின்னு பாத்தவங்க யாரும் இத ஒத்துக்க மாட்டாங்க.

சரி பார் கவுன்சிலுக்கு போகலாம்னா, 1961 அட்வகேட்ஸ் ஆக்ட் 35-ம் பிரிவுல புகார் குடுக்கலாம். விசாரிக்கிறது யாரு? வக்கீல்களே ஓட்டு போட்டு தேர்ந்தெடுத்த பார் கவுன்சில், அதுலேர்ந்து வக்கீல்களே உக்கார்ற ஒழுங்கு நடவடிக்கை கமிட்டி. ஒரு வருஷத்துல முடிக்கணும், முடிக்கலன்னா டில்லில இருக்குற இந்திய பார் கவுன்சிலுக்கு தானா போயிரும். ஒரு விவசாயி டில்லிக்கு எப்படி போவான்? அப்படியே தவறு பண்ணாருன்னு முடிவானாலும் கண்டிப்பாங்க, சஸ்பெண்ட் பண்ணுவாங்க, பெரிய தப்புன்னா வக்கீல் பட்டியல்லேர்ந்து பேர நீக்குவாங்க. அதிகமா வாங்குன ஃபீஸ கணக்கு பாத்து திருப்பிக் குடுன்னு சொல்ற அதிகாரம் அந்தப் பிரிவுல இல்ல. நமக்கு அதுதான வேணும்?

கவனக்குறைவுக்கு வக்கீல் மேல சிவில் வழக்கு போடலாம்னு 1926-லயே சட்டம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு வக்கீல் மேல கேஸ் போட அதே ஊர்ல இன்னொரு வக்கீல தேடணும். தேடிப் பாருங்க தெரியும்.

இங்கிலாந்துலயும் இதே மாதிரி வக்கீல் சங்கம்தான் புகார விசாரிச்சிட்டு இருந்துச்சு. 2007-ல சட்டம் கொண்டு வந்து அத மாத்துனாங்க, 2010-லேர்ந்து லீகல் ஆம்புட்ஸ்மேன்னு புகார விசாரிக்கிற தனி அமைப்பு, அதோட தலைமை ஆம்புட்ஸ்மேன் வக்கீலா இருக்கவே கூடாதுன்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. பில்ல கொறைக்க சொல்லலாம், நஷ்ட ஈடு குடுக்க சொல்லலாம், புகார் குடுக்குறவருக்கு செலவில்ல. நம்ம சட்ட ஆணையமும் 2017-ல 266-வது அறிக்கையில பார் கவுன்சில்கள்ல வக்கீல் அல்லாத துறைக்காரங்களும் நியமன உறுப்பினரா வரணும்னு சொல்லுச்சு. நாடு முழுக்க வக்கீல்கள் கோர்ட்ட புறக்கணிச்சாங்க, அறிக்கை அப்படியே கெடக்கு.

ஜூனியர்_மதுரை

நான் வக்கீல்தான், பெண், மதுரைல பிராக்டிஸ். முதல்ல குளித்தலை அண்ணனுக்கு, அந்த 10 சதவீதம் தப்பு, அத நியாயப்படுத்த நான் வரல. உங்க கையில இன்னொரு விதியும் இருக்கு, கட்சிக்காரர் குடுத்த பணத்துக்கு வக்கீல் கணக்கு வச்சிருக்கணும், இது ஃபீஸு இது செலவுன்னு பிரிச்சு எழுதணும், கேட்டா அந்தக் கணக்கோட காப்பி தரணும். இதுவும் பார் கவுன்சில் விதிதான். அம்மா கையெழுத்து போட்டு ஒப்புகையோட ஒரு ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்க, கணக்கு குடுங்க கட்ட குடுங்கன்னு ரெண்டே வரி. நெறைய பேரு அந்தக் கடிதம் போனதுமே இறங்கி வந்துடுவாங்க.

ஆனா நியாயம்_வேணும் அண்ணன் எழுதுனதுல எனக்கு பாதிதான் சம்மதம். வெளிய பாக்குறவங்களுக்கு எல்லா வக்கீலும் கார்ல போற சீனியர் மாதிரி தெரியும். நாங்க சட்டம் படிச்சிட்டு வந்து என்ரோல் பண்ணவே (வக்கீலா பதிவு பண்ண) மாநிலத்துக்கு மாநிலம் 15,000, 20,000, சில எடத்துல 40,000-க்கு மேல கட்டிட்டு இருந்தோம். சட்டத்துல இருக்குறது பொதுப்பிரிவுக்கு 750 ரூபா, எஸ்சி எஸ்டிக்கு 125 ரூபா, அவ்ளோதான். 2024 ஜூலை 30-ம் தேதி சுப்ரீம் கோர்ட் தலையிட்டு அதுக்கு மேல வாங்கக்கூடாதுன்னு சொன்ன பிறகுதான் நின்னுச்சு. தன் சொந்த உறுப்பினர்கிட்டயே சட்டத்துக்கு மேல வாங்குன அமைப்பு, கட்சிக்காரர்கிட்ட அதிகமா வாங்காதன்னு எப்படி சொல்லும்? இதுல நான் உங்க பக்கம்தான் அண்ணே.

ஜூனியர் சம்பளம்னு ஒண்ணு இருக்குறதே பல ஆபீஸ்ல கிடையாது, பஸ் காசுதான். சென்னை, மதுரை, கோயம்புத்தூர்ல மாசம் 20,000, மத்த ஊர்ல 15,000 குறைஞ்சபட்சம் குடுக்கணும்னு 2024 ஜூன்ல சென்னை ஹைகோர்ட் சொல்லுச்சு. எத்தன சீனியர் குடுக்குறாங்கன்னு நீங்களே விசாரிச்சு பாருங்க. ஜூனியரா பட்டினி கெடந்து வளர்ற ஒருத்தர் நாளைக்கு ஆபீஸ் போட்டதும் வர்ற ஒவ்வொரு கட்சிக்காரர்கிட்டயும் அத ஈடுகட்டத்தான் பாக்குறாரு, இத யாரும் பேசுறதில்ல.

வாய்தாவையும் சேத்து பேசணும். எதிர்த்தரப்பு இழுத்தடிக்கிறதுக்காகவே பொய்யா வழக்காடுறாங்கன்னு நிரூபிச்சா கூட பொய்யான வழக்கு, பொய்யான எதிர்வாதத்துக்கு சிவில் நடைமுறைச் சட்டம் 35ஏ-ல கெடைக்கிற அதிகபட்சம் 3,000 ரூபா. மூவாயிரத்துக்கு எவன் பயப்படுவான்? செலவுத்தொகை நெசமா ஆன செலவுக்கு பக்கத்துல இருக்கணும்னு 2005-ல சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு நம்ம சேலம் வக்கீல் சங்கம் போட்ட வழக்குலதான். கமர்ஷியல் கேஸுக்கு 2015 சட்டத்துல தோத்தவன் ஜெயிச்சவன் செலவ தரணும்ங்கிறத பொது விதியா கொண்டு வந்துட்டாங்க, பெரிய கம்பெனிக்கு இருக்குற அந்த பாதுகாப்பு அண்ணனோட அம்மாவுக்கு இல்ல. எனக்கு ரொம்ப கோவம் வர்ற எடம் இதுதான்.

அரசாங்கம் கையில குடுத்துடலாம்னு மட்டும் சொல்லாதீங்க. 2025 பிப்ரவரில ஒரு வரைவு மசோதா விட்டாங்க, இந்திய பார் கவுன்சில்ல மத்திய அரசு ஆள் போடுறது, புறக்கணிப்புக்கு தடைன்னு எல்லாம் சேத்து. பத்து நாளுக்குள்ள எதிர்ப்பு தாங்காம திரும்ப வாங்கிட்டாங்க. புறக்கணிப்பால கட்சிக்காரங்க படுற கஷ்டம் நெசம், வக்கீலுக்கு ஸ்டிரைக் பண்ற உரிமை இல்லன்னு 2002-லயே தீர்ப்பு இருக்கு. ஆனா போலீஸ எதுத்து, கலெக்டர எதுத்து ஆஜராகுறவங்க நாங்க, எங்க லைசென்ஸ் அரசாங்கத்து கையில இருந்தா நாளைக்கு ஒரு லாக்கப் கேஸ யாரு எடுப்பா? வக்கீலும் இல்லாம அரசும் இல்லாம தனியா ஒரு அமைப்பு வரட்டும், நானே வரவேற்பேன்.

விழுப்புரம்_தங்கச்சி

எல்லாரும் சதவீதம் தப்பு தப்புங்குறீங்க, நான் வேற மாதிரி சொல்றேன் கோவிச்சுக்காதீங்க. எங்க அண்ணன் பைபாஸ்ல லாரி மோதி இறந்தப்ப வீட்ல அரிசி வாங்கவே காசில்ல. எம்சிஓபி (விபத்து நஷ்ட ஈட்டு கேஸ்) போட முன்பணம் கேட்டிருந்தா அண்ணி கேஸே போட்டிருக்க மாட்டாங்க. ஜெயிச்சா குடுங்கன்னு ஒரு வக்கீல் எடுத்தாரு, செலவெல்லாம் அவரே போட்டாரு, கடைசில கொஞ்சம் அதிகமாத்தான் எடுத்துக்கிட்டாரு, ஆனா அவரு இல்லன்னா அந்தப் புள்ளைங்களுக்கு ஒண்ணுமே வந்திருக்காது. தடைன்னு எழுதி வச்சுட்டு ஊரு பூரா ரகசியமா நடக்குறதுக்கு பதிலா வெளிப்படையா அனுமதிச்சு ஒரு வரம்பு வச்சா என்ன?

ஜூனியர்_மதுரை

அக்கா நீங்க சொல்றது நெஞ்சத் தொடுது, இதுக்கு வெளிநாட்டுல வழி இருக்கு. இங்கிலாந்துல 2013-லேர்ந்து நஷ்ட ஈட்டுல பங்கு பேசலாம், ஆனா எழுத்துல இருக்கணும், உடல் காயத்துக்கான கேஸ்ல 25 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது, எதிர்கால வைத்தியச் செலவுக்குன்னு வர்ற தொகைல கை வைக்கவே கூடாது. நம்ம ஊர்லயும் விபத்து கேஸுக்கு மட்டும் இந்த மாதிரி கொண்டு வரலாம்னுதான் எனக்கும் தோணுது. ஆனா நெலத்து கேஸுக்கு வேணவே வேணாம், அதுல வக்கீல் பங்காளி ஆயிடுவாரு, நாளைக்கு அண்ணன் தங்கச்சி சமாதானமா போலாம்னு நெனச்சா கூட அவரு விடமாட்டாரு.

நஷ்ட ஈட்டுப் பணத்த பாதிக்கப்பட்டவங்க பேங்க் அக்கவுண்டுக்கே நேரா அனுப்பணும்னு 2025 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. தெரிஞ்சவங்க யாருக்காவது விபத்து கேஸ் இருந்தா அத கேட்டு வாங்க சொல்லுங்கக்கா.

குளித்தலை_மகன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சிரஸ்தார் ஐயா சொன்னத அம்மாகிட்ட படிச்சு காட்டுனேன், அழுதுட்டாங்க, அப்ப நம்ம பேப்பர் நமக்குத்தானான்னு கேட்டாங்க. கையெழுத்து போடல. ரெண்டு கேள்வி இருக்கு. புது வக்கீலுக்கு குடுக்க இப்ப கையில காசு இல்ல, அதுக்கு வழி இருக்கா? அப்புறம் சின்ன மாமா மட்டும் பேசி முடிச்சுக்கலாம்னு ஆள் அனுப்புறாரு, முடிச்சா கோர்ட்ல கட்டுன பணம் திரும்ப வருமா?

பிஎல்வி_கரூர்_பக்கம்

நான் இலவச சட்ட உதவி குடுக்குற சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல பாரா லீகல் வாலண்டியர் (சட்ட உதவித் தொண்டர்). உங்க அம்மாவுக்கு இலவச வக்கீல் கெடைக்கும், கேஸ் போடுறதுக்கு முன்னாடியே கெடைச்சிருக்கும். 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டம் 12-ம் பிரிவுல பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, எஸ்சி எஸ்டி, குழந்தைங்க, மாற்றுத்திறனாளிகள், காவல்ல இருக்குறவங்களுக்கும் அப்படித்தான். நிறைய பேரு இது ரேஷன் கார்டு பாத்து குடுக்குறதுன்னு நெனச்சு வர்றதே இல்ல. மாவட்ட கோர்ட் வளாகத்துலயே ஆபீஸ் இருக்கு, தாலுகாவுலயும் கமிட்டி இருக்கு, இல்லன்னா 15100-க்கு போன் பண்ணுங்க. ஆதாரும் டிக்ரி நகலும் எடுத்துட்டு அம்மாவ நேர்ல கூட்டிட்டு போங்க. வர்ற வக்கீல் சரியா பாக்கலன்னா மாத்திக் குடுங்கன்னு அங்கயே எழுதிக் குடுக்கலாம், கூச்சப்படாதீங்க. ஆணைக்குழு வக்கீல் உங்ககிட்ட தனியா காசு கேட்டா உடனே செயலாளர்கிட்ட சொல்லுங்க, அது கூடவே கூடாது.

மாமா சமாதானத்துக்கு வந்தா விட்றாதீங்க, ஆனா வெள்ளப் பேப்பர்ல எழுதி முடிக்காம லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) வழியா முடிங்க, அதுக்கு கோர்ட் டிக்ரிக்கு இருக்குற அதே மதிப்பு உண்டு, அப்பீலும் கிடையாது. கோர்ட் ஃபீஸ பொறுத்தவரைக்கும் தமிழ்நாட்டு சட்டத்துல 69ஏ பிரிவு இருக்கு, சமரசத்துல முடிஞ்சா கட்டுன கோர்ட் ஃபீஸ திரும்ப வாங்கலாம், வெளிய பேசி முடிச்சாலும் இது உண்டுன்னு 2021-ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிருச்சு. உங்க கேஸ்ல சொத்து கூட்டு அனுபவத்துல (எல்லாரும் சேந்து வச்சிருக்கோம்) இருக்குன்னு சொல்லி போட்டிருந்தா கட்டுனதே சின்ன நிலையான தொகையாத்தான் இருக்கும், அனுபவத்துலேர்ந்து வெளியேத்துனதா சொல்லி போட்டிருந்தா மதிப்புல சதவீதம் கட்டியிருப்பீங்க. 2017-ல அந்த சதவீதத்த ஏழரைலேர்ந்து மூணா கொறைச்சாங்க. பிராதுலயே எவ்ளோன்னு எழுதியிருக்கும் பாருங்க.

நியாயம்_வேணும்

பெண்களுக்கு வருமான வரம்பு இல்லன்னு எங்க வீட்லயும் யாருக்கும் தெரியாது. வக்காலத்துல கையெழுத்து வாங்குறதுக்கு முன்னாடி உங்களுக்கு இலவச சட்ட உதவி உரிமை இருக்குன்னு ஒரு வரி அதுல அச்சடிச்சு கட்டாயமாக்கணும். ஃபீஸ் எவ்ளோ, எது எதுக்குன்னும் அதுலயே ஒரு கட்டம் இருக்கணும். இதுக்கு பெரிய சட்டத் திருத்தம் கூட வேணாம். எம்எல்ஏ எம்பிக்கு எழுதுறவங்க இத எழுதுங்க, நான் எழுதப் போறேன்.

பழைய_சிரஸ்தார்

நல்ல யோசனை, நானும் எழுதுறேன். குளித்தலை தம்பி, ஆணைக்குழு வக்கீல் வேணாம் தனியா வைக்கிறோம்னு முடிவு பண்ணா வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எழுதி வாங்குங்க. ஃபைனல் டிக்ரி மனுவுக்கு எவ்ளோ, கோர்ட் அனுப்புற கமிஷனர் வந்து அளந்து ரிப்போர்ட் குடுத்த பிறகு ஆட்சேபணை போட எவ்ளோ, மாமாங்க அப்பீல் போனா அது தனியா இல்ல இதுலயே சேந்ததா, வாய்தாவுக்கு வாய்தா காசு உண்டா இல்லயா, குமாஸ்தா செலவு யார் கணக்கு. கமிஷனர் ஃபீஸ கோர்ட்தான் நிர்ணயிக்கும், அது வக்கீல் ஃபீஸ் இல்ல, அதுக்கு உத்தரவு நகல கேளுங்க. பணத்த ஜிபேயில இல்லன்னா பேங்க்ல போடுங்க, கையில குடுக்க வேணாம். எழுதித் தர சங்கடப்படுற வக்கீல்கிட்ட கேஸ குடுக்காதீங்க, எழுதித் தர்றவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. ஸ்பீட் போஸ்ட் ஒப்புகைய பத்திரமா வைங்க, பதினஞ்சு நாள்ல பதில் வரலன்னா இங்க வந்து சொல்லுங்க, பார் கவுன்சில் புகார் மனு எப்படி எழுதணும்னு சொல்றேன்.